கம்பெனி லீஸ் கார்: செடான் டாப் எண்டா, ஏழு சீட்டர் நடு வேரியண்டா?

தாம்பரம்வாசி:
எங்கள் அலுவலகத்தில் என் கிரேடுக்கு இந்த வருஷம்தான் கார் லீஸ் திறந்துவிட்டிருக்கிறார்கள். ஆன்ரோடு விலை 22 லட்சத்தைத் தாண்டக் கூடாது, புது வண்டியாக இருக்க வேண்டும், மற்றபடி பெட்ரோலோ டீசலோ நம் இஷ்டம். வீட்டில் ஆறு பேர். நான், மனைவி, பையன் நாலாவது படிக்கிறான், சின்னவள் எல்கேஜி, அப்புறம் அப்பா அம்மா. அம்மாவுக்கு இரண்டு முழங்காலும் வலி. இப்போது ஒரு பழைய ஸ்விஃப்ட் ஓடுகிறது. தினசரி தாம்பரத்திலிருந்து சிறுசேரி போய் வர அது போதும், ஆனால் தென்காசிப் பக்கம் ஊருக்குக் கிளம்பினால் அப்பா அம்மாவை பொதிகை எக்ஸ்பிரஸில் ஏற்றிவிட்டு நாங்கள் காரில் போகிறோம். டிக்கெட் கிடைக்காத பொங்கலுக்கு என்ன கூத்து என்று சொல்லத் தேவையில்லை.

கூட வேலை பார்ப்பவர்கள் எல்லாரும் வெர்னா, ஸ்லாவியா, விர்டஸ் என்று டாப் எண்ட் செடானாக எடுத்திருக்கிறார்கள். பார்க்கிங்கில் வரிசையாக நிற்கும்போது ஆசையாகத்தான் இருக்கிறது. அதே பணத்துக்கு ஏழு சீட்டர் கேரன்ஸில் நடு வேரியண்ட் வரும், எர்டிகாவில் டாப் எண்டே எடுத்தாலும் மிச்சம் இருக்கும். சொகுசு, உள் அலங்காரம், அன்றாட உபயோகம் மூன்றையும் வைத்து, ஓட்டியவர்கள் சொல்லுங்கள். யூடியூப் விமர்சனம் பார்த்து அலுத்துவிட்டது.

கோவைசெடான்:
செடான். இதில் யோசிக்க என்ன இருக்கிறது? தினமும் ஓட்டப்போவது நீங்கள், ஊருக்குப் போவது வருஷத்தில் சில தடவை. அந்த சில தடவைக்காக மீதி நாளெல்லாம் காலி சீட்டுகளைச் சுமந்துகொண்டு ஓஎம்ஆர் ரோட்டு டிராஃபிக்கில் நிற்க வேண்டுமா? வெர்னா டிக்கி 528 லிட்டர், ஸ்லாவியாவும் விர்டஸும் 521. கேரன்ஸில் மூன்றாவது வரிசையை நிமிர்த்தினால் 216 லிட்டர்தான், எர்டிகாவில் 209. ஆறு பேரை ஏற்றலாம், ஆறு பேரின் பெட்டியை எங்கே வைப்பீர்கள்? மடியிலா?

ஓட்டுகிற சுகமும் வேறு. தாழ்வான வண்டி, வளைவில் சாயாது, பிரேக் அடித்தால் நேராக நிற்கும். 1.5 டர்போ வெர்னாவின் சக்தி 160 பிஎஸ். விழுப்புரம் தாண்டியதும் வித்தியாசம் தெரியும். உள்ளே காற்று வரும் சீட், நல்ல ஸ்பீக்கர், ரடார் வைத்த பாதுகாப்பு வசதிகள். கம்பெனி காசு கொடுக்கும்போது டாப் எண்ட் எடுக்காமல் எப்போது எடுப்பீர்கள்?

மஞ்சள்போர்டு:
வணக்கம். நான் சென்னையில் டிராவல்ஸ் வைத்திருக்கிறேன், பாதி வண்டி கம்பெனிகளுக்கு மாத ஒப்பந்தத்தில் ஓடுகிறது. தம்பி சொல்லும் 'கம்பெனி கார்' அவர் சொந்த உபயோகத்துக்கு வருகிற லீஸ் வண்டி. நான் பார்ப்பது கம்பெனி ஆட்களைச் சுமக்கிற வண்டி. அதையும் கொஞ்சம் கேளுங்கள், உபயோகப்படும்.

எங்கள் தொழிலில் யாரும் டாப் எண்ட் எடுப்பதில்லை. டொயோட்டா எட்டியோஸ் செடான் 2010 கடைசியில் வந்து 2020-ல் நிற்கும்வரை நாங்கள் வாங்கிக் குவித்ததற்கு அழகு காரணமில்லை. பின் சீட்டில் கால் நீட்ட இடம், தட்டையான தரை, பெரிய டிக்கி, துணி சீட், துடைத்தால் போகும் பிளாஸ்டிக். உள்ளே மீட்டர் நடுவில் இருக்கும், டிரைவர்கள் ஆரம்பத்தில் திட்டுவார்கள், ஒரு வாரத்தில் மறந்துவிடுவார்கள். ஏர்போர்ட்டில் இறங்கும் ஆளுக்கு வேண்டியது பின் ஏசி, போன் சார்ஜர், பெட்டி வைக்க இடம். டேஷ்போர்டு மெத்தென்று இருக்கிறதா என்று பின்னால் உட்கார்ந்து யாரும் தடவிப் பார்ப்பதில்லை.

இப்போது பெரிய ஆட்களுக்கு இன்னோவாதான். கிரிஸ்டாவும் ஹைகிராஸும் இரண்டும் வைத்திருக்கிறேன். கிரிஸ்டா சேஸிஸ் மேல் கட்டிய வண்டி, பின் சக்கரம் இழுக்கும். ஒரே ஒரு ஆள் பின்னால் இருந்தால் கொஞ்சம் குதிக்கும், ஆறேழு பேர் ஏறிவிட்டால் மெத்தை. ஹைகிராஸ் கார் மாதிரி, தனி சேஸிஸ் இல்லாத மோனோகாக் கட்டுமானம், முன் சக்கர இழுவை, தரை தாழ்வு, ஏறுவது சுலபம். ஹைப்ரிட் நகரத்துக்குள் சத்தமே இல்லாமல் நகரும். தம்பியின் 22 லட்சத்துக்குள் ஹைப்ரிட் அடங்காது, அதனால் அதை விட்டுவிடலாம்.

ஒன்று மட்டும் சொல்கிறேன். மூன்றாவது வரிசையில் யார் உட்காரப் போகிறார்கள் என்று முதலில் முடிவு பண்ணுங்கள். அந்த சீட் பின் அச்சுக்கு மேலேயே வரும், அதனால் ஒவ்வொரு பள்ளமும் நேராக முதுகுக்குப் போகும். பிள்ளைகள் தாங்குவார்கள். அப்பாவை அங்கே உட்கார வைத்தால் திருச்சி வரும்போதே முகம் மாறிவிடும்.

கணக்குப்பிள்ளை:
வரி பக்கம் யாரும் பேசவில்லை. கம்பெனி லீஸில் மாத வாடகை உங்கள் சம்பளத்தில் வரிக்கு முன்பே கழியும், பதிலுக்கு பெர்க்விசிட் (கம்பெனி தரும் சலுகையின் மதிப்பு) என்று ஒரு சிறு தொகை வருமானத்தில் சேரும். வேலைக்கும் சொந்தத்துக்கும் சேர்த்து ஓட்டும் வண்டிக்கு, செலவைக் கம்பெனி ஏற்றால், 2025-26 நிதியாண்டு வரை 1.6 லிட்டர் எஞ்சினுக்குள் என்றால் மாதம் 1,800 ரூபாய், அதற்கு மேல் 2,400, டிரைவர் கொடுத்தால் கூடுதலாக 900. நடப்பு வருஷத் தொகையை எச்.ஆர்.-இடம் கேட்டு வாங்கிக்கொள்ளுங்கள். நீங்கள் சொல்லும் வண்டிகள் எல்லாம் 1.5 லிட்டருக்குள்தான், அதனால் வரியில் செடானுக்கும் ஏழு சீட்டருக்கும் வித்தியாசம் வராது. 30 சதவீத வரி அடுக்கில் இருந்தால்தான் லீஸ் உண்மையான லாபம், 20 சதவீதத்தில் இருப்பவர்கள் வங்கிக் கடனோடு பக்கத்தில் வைத்துக் கணக்குப் போட்டுப் பார்க்கவும்.

ஜிஎஸ்டி 2025 செப்டம்பர் 22 முதல் மாறியது தெரியும்தானே. நாலு மீட்டரைத் தாண்டிய பெட்ரோல், டீசல் வண்டிகள் எல்லாம் 40 சதவீதத்தில். எர்டிகா, கேரன்ஸ், வெர்னா மூன்றும் அதில்தான். அதற்கு மேல் தமிழ்நாட்டு ஆயுள் வரி, 10 லட்சத்திலிருந்து 20 லட்சம் வரை 18 சதவீதம். ஷோரூம் விலையைப் பார்த்து உள்ளே அடங்கும் என்று நினைத்துவிடாதீர்கள்.

இன்னொன்று: ஆர்.சி. உங்கள் பெயரில் இருக்காது. நடுவில் வேலை மாறினால் புதுக் கம்பெனி அந்த லீஸை ஏற்க வேண்டும், இல்லையேல் மீதித் தொகையைக் கட்டி வண்டியை நீங்களே எடுத்துக்கொள்ள வேண்டும். அதனால் லீஸ் முடிந்து குடும்ப வண்டியாகவும் வைத்துக்கொள்ள ஆசைப்படுகிற வண்டியாகப் பார்த்து எடுங்கள். ஆபீஸ் பார்க்கிங்கில் மினுக்க ஒரு வண்டி, பின்னால் விற்றுவிடலாம் என்ற கணக்கு எல்லாருக்கும் ஒத்துவராது.

பின்சீட்டுக்காரி:
இதுவரை எழுதிய எல்லாரும் ஸ்டீயரிங்குக்குப் பின்னாலிருந்தோ கணக்குப் புத்தகத்திலிருந்தோ எழுதியிருக்கிறீர்கள். நான் பின் சீட்டிலிருந்து எழுதுகிறேன். எங்கள் வீட்டில் இரண்டும் இருந்தது. கணவருக்குக் கம்பெனி கொடுத்த டாப் எண்ட் செடான் மூன்று வருஷம், அப்புறம் நாங்களே வாங்கிய ஏழு சீட்டர், நடு வேரியண்ட்.

செடானில் முன் சீட்டுக்குக் காற்று வரும், பின் சீட்டுக்கு வராது. விளம்பரத்தில் போடும் வசதிகளில் பாதிக்கு மேல் முன் வரிசைக்குத்தான் என்று ஷோரூமில் எந்தப் பையனும் சொல்ல மாட்டான். கறுப்பு லெதரெட் (போலித் தோல்) சீட் மே மாதம் வெயிலில் நின்ற வண்டியில் எப்படி இருக்கும் என்று சென்னைக்காரர்களுக்குச் சொல்ல வேண்டியதில்லை. குழந்தை தொடையில் சுட்டுக்கொண்டு அழுவாள். துண்டு விரித்துத்தான் உட்கார வைப்பேன். லட்சக்கணக்கில் கொடுத்த லெதரெட்டை ஈரோட்டுத் துண்டு மூடிக்கொண்டது. இப்போதுள்ள வண்டியில் துணி சீட், நிம்மதி.

சைல்டு சீட் வைப்பவர்கள் கவனிக்கவும். ஐசோஃபிக்ஸ் கொக்கி இருக்கிறது என்று போட்டிருப்பார்கள், ஆனால் செடானில் கூரை சரிந்து வருவதால் குழந்தையைத் தூக்கி உள்ளே வைக்கும்போது ஒவ்வொரு தடவையும் குனிய வேண்டும், என் இடுப்புதான் சாட்சி. உயரமான வண்டியில் நின்றபடி பெல்ட் மாட்டலாம். கதவு எவ்வளவு அகலம் திறக்கிறது என்பதையும் பாருங்கள், அதுவும் நம் அபார்ட்மெண்ட் பார்க்கிங்கில் தூணுக்குப் பக்கத்தில் நிறுத்திப் பாருங்கள்.

அம்மாவுக்கு முழங்கால் வலி என்கிறீர்கள். சீட்டின் உயரம் அவர்கள் இடுப்பு உயரத்துக்குப் பக்கத்தில் இருக்க வேண்டும். அதைவிடத் தாழ்வு என்றால் எழுந்திருக்க முட்டி வேலை செய்ய வேண்டும், அதைவிட உயரம் என்றால் ஏற வேலை செய்ய வேண்டும். பக்கவாட்டில் உட்கார்ந்து அப்படியே காலைத் திருப்பி உள்ளே வைக்கிற உயரம்தான் சரி. இது எந்த பிரோஷரிலும் இல்லை. அம்மாவையே ஷோரூமுக்கு அழைத்துப் போங்கள். மேலே பிடித்துக்கொள்ளக் கைப்பிடி இருக்கிறதா, கதவடியில் காலைத் தடுக்கும் மேடு எவ்வளவு, இதெல்லாம் பாருங்கள். சன்ரூஃபைப் பார்க்க வேண்டாம்.

டிரிம் விஷயத்தில் என் பட்டியல் ரொம்பச் சின்னது. பின் கண்ணாடிக்கு வைப்பரும், மூட்டத்தை நீக்கும் டீஃபாகரும் (செடான்காரர்களுக்கு வைப்பர் தேவையில்லை, உயரமான பின்பக்கம் உள்ள வண்டியில் மழையில் சேறு அடித்துப் பின்னால் ஒன்றும் தெரியாது), எல்லா சீட்டுக்கும் சரியான தலைதாங்கி, நடு சீட்டுக்கும் மூன்று முனை பெல்ட், பின் ஏசி, ரிவர்ஸ் கேமரா. இவ்வளவும் எந்த வேரியண்டில் முதலில் வருகிறதோ அதில் நில்லுங்கள்.

கோவைசெடான்:
மேடம் சொல்வது நியாயம்தான். ஆனால் சன்ரூஃபை இப்படி ஒதுக்கிவிட முடியாது, பிள்ளைகள் கேட்பது அதைத்தானே. விற்கும்போதும் சன்ரூஃப் உள்ள வண்டிக்குத்தான் கை போகிறது.

பின்சீட்டுக்காரி:
பிள்ளைகள் கேட்பது அதில் தலையை வெளியே நீட்டி நிற்க. அதை நான் அனுமதிக்கப் போவதில்லை. அப்புறம் எதற்கு?

ஓசூர்ஸ்பேனர்:
சர்வீஸ் பக்கத்திலிருந்து சில விஷயம். டாப் எண்ட் எடுத்தால் அலாய் வீல் பெரிதாகும், டயரின் பக்கச் சுவர் ஒல்லியாகும். பள்ளத்தில் விழும் அடியை முதலில் வாங்குவது அந்தப் பக்கச் சுவர்தான், அது குறைந்தால் மீதி அடி சஸ்பென்ஷனுக்கும் உங்கள் முதுகுக்கும் போகும். ஒரே மாடலில் 16 அங்குல வண்டியையும் 17 அங்குல வண்டியையும் அடுத்தடுத்து மோசமான ரோட்டில் ஓட்டிப் பாருங்கள், விலை குறைந்த வேரியண்ட்தான் மெத்தென்று போகும். டயர் மாற்றும்போதும் பெரிய சைஸ் விலை அதிகம், சிறிய கடைகளில் கிடைக்காது. ஸ்டெப்னி பல வண்டிகளில் ஒரு சைஸ் சின்னதாக, இரும்பு வீலாக வரும், அதைப் போட்டுக்கொண்டு 80-க்கு மேல் போகாதீர்கள்.

ஏழு சீட்டர் எடுப்பவர்கள் காற்றழுத்தத்தில் கோட்டை விடுகிறார்கள். டிரைவர் கதவைத் திறந்தால் தூணில் ஸ்டிக்கர் இருக்கும், அதில் ஆள் குறைவாக இருக்கும்போது ஒரு அளவு, முழு லோடுக்கு இன்னொரு அளவு போட்டிருப்பார்கள். ஆறு பேரும் சாமானும் ஏற்றிக்கொண்டு, ஆபீஸ் போகிற அழுத்தத்திலேயே ஊருக்குக் கிளம்பினால் வண்டி பின்னால் அமுங்கும், டயர் சூடாகும், ஸ்டீயரிங் மிதக்கிற மாதிரி இருக்கும். அப்புறம் வண்டியைக் குறை சொல்வார்கள்.

எர்டிகாவில் சிஎன்ஜி எடுக்கலாம் என்று யாராவது சொன்னால் யோசியுங்கள். மைலேஜ் நல்லதுதான், ஆனால் டேங்க் மூன்றாவது வரிசைக்குப் பின்னால் உட்கார்ந்துகொள்ளும், இருக்கிற 209 லிட்டரும் போச்சு. ஊர்ப் பயணத்துக்கு ஆகாது. முழு லோடில் மலை ஏறுவதாக இருந்தால் டீசல். கேரன்ஸ் 1.5 டீசலின் இழுவை (டார்க்) 250 நியூட்டன் மீட்டர், கீழ் கியருக்கு அடிக்கடி மாற்றாமல் இழுக்கும்.

சேலத்துக்காரன்:
எல்லாரும் ஏன் ஒரே வண்டியில் எல்லாவற்றையும் அடக்கப் பார்க்கிறீர்கள்? ஸ்விஃப்ட் ஓடுகிறது இல்லையா, அது ஆபீசுக்கு இருக்கட்டும். லீஸே வேண்டாம். ஊருக்குப் போகும்போது இன்னோவா வாடகைக்குச் சொன்னால் வாசலில் வந்து நிற்கும், நீங்களும் பின்னால் உட்கார்ந்து தூங்கிக்கொண்டு போகலாம். வருஷத்துக்கு எத்தனை முறை ஆறு பேரும் சேர்ந்து போவீர்கள் என்று எண்ணிப் பார்த்து, அந்த வாடகையையும் லீஸ் தொகையையும் பக்கத்தில் வைத்துப் பாருங்கள். எனக்கென்னவோ இது தேவையில்லாத செலவு.

மஞ்சள்போர்டு:
என் பிழைப்புக்கு நல்ல யோசனை! ஆனால் உண்மையைச் சொல்லிவிடுகிறேன், பொங்கல் தீபாவளிக்கு முந்தின வாரம் வந்து கேட்டால் என்னிடமே வண்டி இருக்காது. இருந்தாலும் சாதாரண நாள் வாடகைக்கு வராது. மஞ்சள் போர்டில் 80-க்கு வேகக் கட்டுப்பாட்டுக் கருவி வேறு, தென்காசி போய்ச் சேர நேரம் ஆகும். சொந்த வண்டி வைத்துக்கொண்டு, தூரப் பயணத்துக்கு மட்டும் ஆக்டிங் டிரைவர் போட்டுக்கொள்கிறவர்கள்தான் இப்போது அதிகம்.

தாம்பரம்வாசி:
நேற்று ஞாயிற்றுக்கிழமை அம்மாவையும் அப்பாவையும் அழைத்துக்கொண்டு ஷோரூம் ஷோரூமாக ஏறி இறங்கினோம். பின்சீட்டுக்காரி மேடத்துக்கு நன்றி, அந்தப் பட்டியலைக் கையில் வைத்துக்கொண்டுதான் போனேன்.

செடானில் அம்மா உட்கார்ந்ததும் 'நல்லா இருக்குடா, வீட்டு சோபா மாதிரி' என்றார்கள். எழுந்திருக்கத்தான் அப்பா ஒரு கை, நான் ஒரு கை. கேரன்ஸில் அவர்களாகவே ஏறி, அவர்களாகவே இறங்கினார்கள். எர்டிகாவிலும் அப்படியே, ஆனால் அப்பாவுக்கு நடு வரிசை சீட்டின் தொடைப் பக்கம் கேரன்ஸில்தான் பிடித்தது. பையன் மூன்றாவது வரிசைக்குப் போய்விட்டு வர மறுத்துவிட்டான். கேரன்ஸில் 2,780 மி.மீ. வீல்பேஸ், எர்டிகாவில் 2,740, அந்த வித்தியாசத்தைவிட சீட்டை எங்கே பொருத்தியிருக்கிறார்கள் என்பதுதான் எனக்குப் பெரிதாகத் தெரிந்தது. அம்மாவை முன் சீட்டில் உட்கார வைத்தால் இன்னும் சுலபமாக இருக்கும் என்றும் தோன்றுகிறது, மனைவிக்கு அதில் ஆட்சேபணை இல்லை (இதுவரை).

இப்போது குழப்பம் வேறு. ஆறு சீட்டில் நடுவில் தனித்தனி கேப்டன் சீட், ஏழு சீட்டில் பெஞ்ச். நாங்கள் ஆறு பேர்தானே, கேப்டன் சீட் போதுமா? பார்க்க அட்டகாசமாக இருக்கிறது.

பின்சீட்டுக்காரி:
ஏழு. கேப்டன் சீட் எடுத்தால் ஐந்து பேர் போகும் நாளிலும் பின் வரிசையில் ஒரு சீட்டைத் திறந்தே வைக்க வேண்டும், டிக்கியில் பாதி போய்விடும். பெஞ்ச் என்றால் பின் வரிசையை முழுசாக மடக்கிவிட்டு ஐந்து பேர் உட்காரலாம், மளிகை, ஸ்டாண்டு மடக்கிய சைக்கிள், எதையும் போடலாம். சின்னவள் தூங்கினால் பெஞ்சில் படுக்க வைக்கலாம் என்று மட்டும் யோசிக்காதீர்கள், பெல்ட் இல்லாமல் படுக்க வைப்பது ஆபத்து, சைல்டு சீட்டிலேயே தூங்கட்டும்.

கேப்டன் சீட்டுக்கு ஒரு நல்லது உண்டு, இரண்டு சீட்டுக்கும் நடுவில் புகுந்து பின்னால் போகலாம். பெஞ்ச் என்றால் நடு சீட்டை மடக்கித்தான் வழி. கேரன்ஸில் மேல் வேரியண்ட்களில் பட்டனைத் தட்டினால் அதுவே மடங்கும். சைல்டு சீட் மாட்டிய பக்கத்தை மட்டும் மடக்க முடியாது, அதனால் அதை டிரைவருக்குப் பின்னால் போட்டுவிட்டு, இடது பக்கத்தை வழிக்கு விடுங்கள். ரோட்டோரம் இறங்குவதும் அந்தப் பக்கம்தானே.

ஓசூர்ஸ்பேனர்:
பெட்டிக்கு என்ன செய்யப் போகிறீர்கள்? ஆறு பேர் உட்கார்ந்தபின் 216 லிட்டர், இரண்டு கேபின் சைஸ் பெட்டியும் ஒரு தோள் பையும்தான் போகும். கடினமான பெட்டிகளை விட்டுவிட்டு துணிப் பைகளாகக் கட்டினால் சந்து பொந்தில் திணிக்கலாம். கூரையில் கேரியர் போடுவதாக இருந்தால், லீஸ் வண்டி என்பதால் லீஸ் நிறுவனத்திடம் முதலில் கேளுங்கள். வயரை வெட்டி வெளியில் எதையும் மாட்டாதீர்கள், வாரண்டிக்குத் தகராறு வரும்.

கோவைசெடான்:
சரி, நான் விட்டுக்கொடுக்கிறேன் என்று நினைக்க வேண்டாம். நாலு பேர் குடும்பம் என்றால் இப்போதும் செடான்தான் சொல்வேன். ஆறு பேர், முட்டி வலி என்று வரும்போது மட்டும் கேரன்ஸ். ஆனால் டீசல் மேனுவலை தாம்பரம் டூ சிறுசேரி ஓட்டி இடது கால் வீங்கினால் என்னிடம் வராதீர்கள், ஆட்டோமேட்டிக் பாருங்கள்.

தாம்பரம்வாசி:
டீசல் ஆட்டோமேட்டிக், ஏழு சீட், நாங்கள் கேட்ட வேரியண்ட் ஆன்ரோடு விலை வரம்பை ஒட்டியே வருகிறது, ஷோரூமில் எழுதிக் கொடுக்கச் சொல்லியிருக்கிறேன். ஆக்சஸரி என்று அவர்கள் சேர்த்த மேட், கவர், அண்டர்கோட் எல்லாவற்றையும் அடித்துவிட்டேன். நிறம் மனைவி பொறுப்பு. கணக்குப்பிள்ளை சார், எச்.ஆர். நாலு வருஷமா ஐந்து வருஷமா என்று கேட்கிறார்கள், எது?

கணக்குப்பிள்ளை:
ஐந்து வருஷத்தில் மாத வாடகை குறையும், கடைசியில் வண்டியை எடுக்கக் கட்டும் தொகையும் பெரும்பாலும் குறைவாக இருக்கும். ஆனால் அவ்வளவு நாள் அதே கம்பெனியில் இருப்பீர்களா? வேலை மாறும் எண்ணம் இருந்தால் நாலுக்கு மேல் போக வேண்டாம். நடுவில் முடித்தால் எவ்வளவு கட்ட வேண்டும் என்ற அட்டவணையை, கையெழுத்துப் போடும் முன் எழுத்தில் வாங்குங்கள். இன்சூரன்ஸ் யார் பெயரில், கிளெய்ம் வந்தால் யார் எந்தப் பங்கு கட்ட வேண்டும் என்பதையும் அதிலேயே பாருங்கள். ஸ்விஃப்ட்டை விற்றால் அதன் நோ கிளெய்ம் போனஸ் (கிளெய்ம் வாங்காததற்கு இன்சூரன்ஸில் கிடைக்கும் தள்ளுபடி) சான்றிதழை வாங்கி வைத்துக்கொள்ளுங்கள், அது உங்கள் பெயரில் வரும் வண்டிக்குத்தான் செல்லும், இந்த லீஸ் வண்டிக்கு ஆகாது.

தாம்பரம்வாசி:
ஸ்விஃப்ட்டை விற்கவில்லை சார். அப்பா மார்க்கெட் போக வைத்துக்கொள்கிறேன் என்கிறார். நாலு வருஷம் என்றே எழுதிக் கொடுத்துவிடுகிறேன்.